குதிரையைப் பிடித்தவர்

பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது என்னென்ன பிழைகள் நேர்கின்றன, அவற்றைத் தவிர்ப்பது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என் பழைய அலுவலகத்தில் இப்போது இருப்பவர்கள் கேட்டார்கள். தவிர்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கும் மேல் அந்த வேலைக்குத்தான் சம்பளம் வாங்கினேன், ஆனாலும் தெரியாது. ஒரு பிழை எப்படிப் பிறந்து, வளர்ந்து, ஊரெல்லாம் மாலை மரியாதையோடு வலம் வருகிறது என்பதை வேண்டுமானால் சொல்லலாம்.

எங்கள் அலுவலகம் கோயம்புத்தூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஆலைகளின் பொன்விழா மலர், பள்ளிகளின் நூற்றாண்டு மலர், வசதியான குடும்பங்களின் வரலாறு இவற்றை எழுதி அச்சிட்டுக் கொடுப்போம். எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். எழுதியது உண்மையா என்று பார்ப்பது என் வேலை. வரலாற்றில் எம்.ஏ. படித்திருந்தேன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் குணமும் கொஞ்சம் சண்டைக்காரி என்ற பெயரும் இருந்தன. இந்த மூன்றையும் பார்த்துத்தான் எனக்கு வேலை கொடுத்ததாக ஆசிரியர் சொல்லுவார்.

அலுவலகத்தை நடத்தியவரை நாங்கள் எல்லோரும் ஆசிரியர் என்றுதான் அழைத்தோம். அவர் யாரையும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. கையெழுத்துப் பிரதியை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் விரலை ஓட்டி, உரக்கப் படிப்பார். சந்தேகம் வந்த இடத்தில் விரல் நின்றுவிடும். தலையைத் தூக்காமலேயே, "இதைய யாரு பாத்தாங்க, அம்மணி?" என்று கேட்பார். பார்த்தவர் இருந்தால் ஓரத்தில் 'பா' என்று பென்சிலால் எழுத வேண்டும். யாரோ சொல்லிக் கேட்டது என்றால் 'கே'. ஏதோ ஒரு புத்தகத்தில் படித்தது என்றால் 'ப'. மூன்றில் எதுவும் போட முடியாத வாக்கியத்தை அவரே ஒரு கோடு இழுத்து அடித்துவிடுவார். எழுதியவர் முகம் சுண்டிப்போகும். அதற்கும் ஆறுதலாக, "நல்லாத்தானுங்க எழுதியிருக்கீங்க. ஆனா அது அங்கத்த ஆளுகளுக்கே தெரியாதே" என்பார்.

துப்பாக்கி விவகாரம் எனக்கு வந்து சேர்ந்தது நீலகிரித் தோட்டக்காரர்கள் சிலருக்காக நாங்கள் செய்த மலரால். அதற்காக எத்தனையோ வீட்டு வரவேற்பறைகளில், பாடம் செய்த மான் தலைகளுக்குக் கீழே உட்கார்ந்து, பழைய துப்பாக்கிகளைத் துடைத்துப் படம் எடுத்தோம். அந்த ஆராய்ச்சியில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே படிக்க இது தேவை.

அந்தக் கால வேட்டை ரைபிள் ஒன்றின் பின்புறம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைப் போலவே ஓர் இரும்புத் தண்டு இருக்கும். கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்கினால் தோட்டா உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். அலுவலகத்தில் நாங்கள் அதைத் தாழ்ப்பாள் துப்பாக்கி என்றே சொன்னோம். முதலில் ராணுவத்துக்காகச் செய்தார்கள். வேட்டைக்காரர்களுக்கென்று கடைகளில் விற்பனைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான். அடிப்பகுதி ஒரு நாட்டில், குழல் இன்னொரு நாட்டில் செய்திருப்பார்கள். மேலே அழகாகப் பொறித்திருக்கும் பெயரோ விற்ற கடைக்காரருடையது. நம்மவர்கள் அந்தக் கடைக்காரரைத்தான் துப்பாக்கி செய்தவர் என்று எழுதிவிடுவார்கள்.

அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் விசைக்குச் சற்று மேலே, வெளியே தெரியும்படி, ஒரு கொக்கி நிமிர்ந்து நிற்கும். கட்டை விரலால் அதைப் பின்னுக்கு ஏற்றி வைத்து விசையை இழுத்தால், அது முன்னால் விழுந்து அடிக்கும், துப்பாக்கி வெடிக்கும். தமிழில் அந்தக் கொக்கிக்குக் குதிரை என்று பெயர். தாழ்ப்பாள் துப்பாக்கியில் வெடிக்க வைக்கும் ஊசி தாழ்ப்பாளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதற்கு வெளியே குதிரை கிடையாது. இதைத் தெரியாமல் தாழ்ப்பாள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனவர் குதிரையை ஏற்றினார் என்று எழுதுகிறவர்களை நான் எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன். அப்போதெல்லாம் சிரிப்புத்தான் வரும்.

தோட்டக்காரர் மலரில் ஒரு பெரியவர், தன் பாட்டனார் மலைக்கு வந்த புதிதிலேயே தாழ்ப்பாள் துப்பாக்கியால் கடமான் சுட்டார் என்று எழுதிக் கொடுத்திருந்தார். பாட்டனார் வந்த காலத்தில் அப்படியொரு துப்பாக்கி எந்தக் கடையிலும் இல்லை. ஆசிரியர் பிரதியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஊட்டிக்குப் போனார். பெரியவருக்கு எதிரில் உட்கார்ந்து, விரலை ஓட்டிப் படித்து, அந்த இடத்தில் நிறுத்தி, "இதைய யாரு பாத்தாங்க?" என்று கேட்டார். பெரியவர், "நானே பெருசாக்கிட்டேன் போல" என்று சிரித்து, அடித்துவிடச் சொன்னார். திரும்பி வந்து ஆசிரியர் இதைச் சொன்னபோது எனக்கு இந்த வேலைமேல் இருந்த நம்பிக்கையை இப்போது நினைத்தால் என்மேலேயே பரிதாபமாக இருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு குடும்ப வரலாறு வந்தது. கோபிக்கு வடக்கே மலையடிவாரத்தில் பெரிய பண்ணை வைத்திருந்து, பிறகு கோவையில் நூற்பாலை தொடங்கிய குடும்பம். இப்போதைய தலைவர் ரங்கசாமி. அருமையான மனிதர். போனவுடன் இளநீர் வரும், இலை போடாமல் திருப்பி அனுப்ப மாட்டார். அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தாழ்ப்பாள் துப்பாக்கி இருந்தது. அவருடைய பாட்டனார் அதனால்தான் ஊரை நடுங்க வைத்த புலியைச் சுட்டார் என்பது குடும்பத்தின் பெருமை. புத்தகத்தின் அட்டையிலேயே அந்தக் காட்சிதான் ஓவியமாக வர வேண்டும் என்றார்.

"எங்க பாட்டன் குதிரைய ஏத்திக்கிட்டு புதருக்கு நேரா நின்னாருங்க. குதிரை ரெண்டு வாட்டி உழுந்துருச்சு. அப்பவும் மனுசன் அசையலீங்களே! மூணாவது வாட்டி சுட்டாரு பாருங்க, புலி அங்கயே சுருண்டுருச்சு."

'ஏத்திக்கிட்டு' என்ற சொல் எனக்கு இடறியது. "ஏத்திக்கிட்டா, ஏறிக்கிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எங்கய்யன் ஏத்திக்கிட்டுன்னுதானுங்க சொல்லுவாரு. அந்தக் காலத்துப் பேச்சு. ஏறிக்கிட்டுன்னு அர்த்தம்." அய்யன் என்று அவர் சொன்னது அப்பாவை.

"பண்ணையில குதிரை இருந்துதுங்களா?"

"இல்லாமயா அம்மணி ரெண்டு வாட்டி உழுகும்?"

கீழே விழுந்து எழுந்த குதிரைமேல் அசையாமல் உட்கார்ந்து புலிக்காகக் காத்திருந்த ஒரு மனிதரை அவர் சின்ன வயதிலிருந்து மனக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். நானோ அந்த நாலு வாக்கியத்தில் ஒரு மருந்துத் துப்பாக்கியைக் கேட்டேன். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தையும் ஈயத்தையும் போட்டு இடிக்கிற பழைய துப்பாக்கி. அதன் குதிரையை ஏற்றியிருக்கிறார்கள், குதிரை இரண்டு முறை விழுந்தும் மருந்து பிடிக்கவில்லை, மூன்றாம் முறை வெடித்திருக்கிறது. கதை உண்மைதான். கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற துப்பாக்கியின் கதை அல்ல.

சும்மா சந்தேகப்படக் கூடாது என்பதால் பெட்டியைத் திறந்து காட்டும்படி கேட்டேன். அவரே எடுத்துக் கொடுத்தார். குழலின் அடியில், மரக்கட்டை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், தேய்ந்துபோன எழுத்துகள் தட்டுப்பட்டன. அப்படிப்பட்ட எழுத்துமேல் முகப்பவுடரைத் தூவி, விரலால் தேய்த்து, மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். இங்கிலாந்தில் செய்ததல்ல என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. வெளிநாட்டில் செய்து இங்கிலாந்தில் சோதித்த துப்பாக்கிகளுக்கு இந்த முத்திரை குத்தும் வழக்கம் முதல் உலகப் போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு வந்தது. புலி விழுந்ததோ ரங்கசாமியின் அப்பா பிறந்த வருடம், அதாவது போருக்கு முன்பு. அதை அவர்கள் குடும்பத்தில் எல்லோருமே ஒத்துக்கொள்கிறார்கள். புலி செத்து வெகுகாலம் கழித்துப் பிறந்த துப்பாக்கி அது.

"எழுத்து தெரியுதுங்களா? நல்ல சரக்குத்தானே?" என்று ரங்கசாமி ஆவலாகக் கேட்டார். நல்ல சரக்குத்தான் என்றேன்.

அப்படியானால் மருந்துத் துப்பாக்கி யார் கையில் இருந்தது? பண்ணைகளில் காட்டுப் பன்றி விரட்டுவதற்காகக் காவலாளியிடம் அப்படியொரு துப்பாக்கி கொடுத்து வைப்பது வழக்கம். அந்தப் பண்ணையில் அப்போது காவலாளி யார் என்று ஊருக்குள் விசாரித்தேன். மாரன் என்றார்கள். மாரனின் பேரன் தாவீது போத்தனூரில் இருப்பதாகவும் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றும் சொன்னார்கள்.

தாவீதுக்கு வயது எண்பதுக்கு மேல். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. வங்கியில் வேலை பார்த்த மகள் ஸ்டெல்லாவோடு இருந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாத்தாவை இங்கே அப்பாரு என்போம். அவர் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"எங்க அப்பாரு கையில இருந்தது பன்னி வெரட்டற துப்பாக்கிங்க அம்மணி. அதுல குதிரை நிக்காது. அதைய நிறுத்தற பல்லு தேஞ்சு போச்சு. ஏத்தி உட்டா தானா உழுந்துரும். அதனால குதிரைய இந்தக் கட்ட வெரல்லயே புடிச்சுக்கிட்டு நிக்கோணும். புலி மூஞ்சி தெரியற வரைக்கும் புடிச்சுக்கிட்டே நின்னாரு. ரெண்டு வாட்டி உட்டாரு, மருந்து பத்தல. மூணாவது வாட்டி பத்திருச்சு." சொல்லும்போது அவருடைய வலது கட்டை விரல் வளைந்து, காற்றில் எதையோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. "வெரல் தோலே உரிஞ்சு போச்சுங்க. அந்தத் தழும்ப நான் தொட்டுப் பாத்திருக்கறேன். சின்னதுல."

"பண்ணைக்காரர் அப்போ எங்கே இருந்தாருங்க?"

"பரண் மேல இருந்தாருங்க. நல்ல மனுசன். பயந்துட்டாருன்னு எல்லாம் நான் சொல்ல மாட்டேன். அவருகிட்ட அன்னிக்குத் துப்பாக்கி இல்லைங்க, அவ்வளவுதான்."

ஸ்டெல்லா காப்பியை வைத்துவிட்டு, "அக்கா, இவரு இதைய நாப்பது வருசமா சொல்றாரு. ரயில்வேக் காலனியில எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க, உங்க தாத்தனுக்கு யாரு துப்பாக்கி குடுத்தான்னு" என்றாள்.

தாவீது என் பக்கமாகத் திரும்பினார். "ஒரு வரி போதுமுங்க அம்மணி. எங்க அப்பாரு பேரு போட்டு ஒரு வரி. நான் கண்ண மூடறதுக்குள்ள யாராவது படிச்சுக் காட்டினாப் போதும்."

அந்த ஒரு வரிக்காக நான் முழு மூச்சாக வேலை செய்தேன். ரங்கசாமி சொன்னதையும் தாவீது சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு பேரும் ஒரே சொற்களைச் சொல்லுகிறார்கள் என்று காட்டினேன். துப்பாக்கி முத்திரையின் காலத்தை விளக்கினேன். புதிதாக ஓர் அத்தியாயமே எழுதி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் எழுத்துப் போட்டு ஆசிரியர் மேசையில் வைத்தேன். அவர் விரலை ஓட்டிப் படித்தார். விரல் எங்கேயும் நிற்கவில்லை. என் வேலைக் காலத்திலேயே மிகவும் சந்தோஷமான நாள் அது என்று சொல்லலாம். மறுநாள் அவரே கோபிக்குக் கொண்டு போனார்.

திரும்பி வந்த மூன்றாம் நாள் கூப்பிட்டார். ரங்கசாமி கோபப்படவில்லையாம், சத்தம் போடவில்லையாம். கண் கலங்கிவிட்டாராம். "எங்கய்யன் பொய் சொன்னாருன்னு என் கையால அச்சடிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டாராம். அத்தியாயம் மாறாவிட்டால் புத்தகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"வேண்டாம்னா உட்டுருங்க" என்றேன்.

"உட்டா மாரன் பேரே எங்கயும் வராதுங்களே, அம்மணி."

அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அவர் கையெழுத்து. அதில் தாழ்ப்பாள் துப்பாக்கியே இருந்தது. ரங்கசாமியின் பாட்டனார் புலியை நேருக்கு நேர் சந்தித்தார். கடைசியில் ஒரு வரி: 'அன்று கடைசி வரை குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், பண்ணைக் காவலர் மாரன்.'

நான் அதை இரண்டு மூன்று தடவை படித்தேன்.

"ரெண்டு பேருக்கும் பொருந்தற மாதிரி எழுதியிருக்கறேன்" என்றார் ஆசிரியர். அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "இவங்க ஒண்ணு நெனச்சுப் படிப்பாங்க. அவங்க ஒண்ணு நெனச்சுப் படிப்பாங்க. ரெண்டுல எதுவும் பொய்யில்லீங்க பாருங்க."

"இவங்க படிக்கறது பொய்தானுங்களே."

அவர் கடைசி வரிக்கு எதிரே ஓரத்தில் 'கே' என்று பென்சிலால் எழுதியிருந்தார். துப்பாக்கியைப் பற்றிய வாக்கியங்களுக்கு எதிரே ஒன்றுமே எழுதவில்லை. எழுத்தில்லாத வாக்கியத்தை அடித்துவிடுகிற கை, அன்றைக்கு அடிக்கவில்லை. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இன்னொருவராக இருந்தால் நாற்காலியை உதைத்துவிட்டு வந்திருப்பேன். அவரிடம் என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

புத்தகம் வந்தது. அட்டையில் வெள்ளைக் குதிரைமேல் பாட்டனார், கையில் தாழ்ப்பாள் துப்பாக்கி. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போத்தனூருக்குப் போனேன். ஸ்டெல்லா அட்டையைப் பார்த்ததுமே முகம் மாறி, பக்கத்தைப் புரட்டி, அந்த வரியைத் தானே ஒரு முறை மனதுக்குள் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புத்தகத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். நானே படித்தேன்.

"அன்று கடைசி வரை குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், பண்ணைக் காவலர் மாரன்."

தாவீது இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். அவருடைய கட்டை விரல் மெல்ல வளைந்தது.

"அதேதானுங்க. அதேதான். புடிச்சுக்கிட்டே நின்னாருங்க" என்றார். "பண்ணைக்காரங்க ஊட்டுல பெரிய மனசுங்க அம்மணி. இருக்கறத இருந்தபடியே போட்டிருக்காங்க பாருங்க." பக்கம் எது என்று கேட்டு, அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். ஸ்டெல்லா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். பிழை திருத்துவதே பிழைப்பாக இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன்பு அவர் இறந்துவிட்டார். ஆசிரியரும் அதற்குப் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை.

இரண்டு பேருக்கும் பொருந்தும் என்று எழுதிய வரி, ஒருவர் போனதும் மற்றவருக்கு மட்டும் பொருந்துகிற வரியாகிவிட்டது. ஆசிரியர் இதை எப்படி யோசிக்காமல் போனார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. துப்பாக்கிக்குக் குதிரை உண்டு என்று தெரிந்தவர்கள் இப்போது யார்? இணையத்தில் யாரோ அந்தப் பக்கத்தைச் சுருக்கிப் போட்டார்கள். அதில் மாரன் பண்ணையின் குதிரைக்காரர் ஆனார். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார், மாரனின் முன்னோர்களும் குதிரை பழக்கியவர்களாம். நான் ஒவ்வொருவருக்கும் விளக்கமாக எழுதிப் போட்டேன். ஒருவர் மட்டும் பதில் எழுதினார். ஆதாரம் கேட்டார். புத்தகத்தின் பெயரையும் பக்கத்தையும் அவரே கொடுத்து, அதில் குதிரை என்றுதானே இருக்கிறது என்றார். எங்கள் புத்தகத்தை எனக்கே காட்டுகிறார்! சரிபார்க்கிறவர்களுக்கு இனி அந்தப் புத்தகம்தான் ஆதாரம்.

போன மாதம் ஸ்டெல்லா போனில் ஒரு படம் அனுப்பினாள். மாரனின் வழிவந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஊரில் அவருக்கு ஒரு விழா எடுத்திருக்கிறார்கள். கோபி சாலையில் பஸ் நிறுத்தத்தின் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். தலைப்பாகை கட்டி, முறுக்கு மீசையோடு கம்பீரமாக ஒரு மனிதர், பக்கத்தில் வெள்ளைக் குதிரை. கீழே 'குதிரை வீரர் மாரன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மாலை போட்டு, சூடம் காட்டி, குழந்தைகள் எல்லாம் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "அக்கா, என்ன பண்றதுங்க? நான் போய்ச் சொல்லட்டுங்களா? எல்லாரும் அத்தன சந்தோசமா இருக்காங்க. எங்க சித்தப்பா பையன் அழுகறான், நம்மாளு ஒருத்தருக்கு இத்தன பெரிய பேனரான்னு."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரனின் வலது கை கடிவாளத்தைப் பிடித்திருந்தது. கட்டை விரல் அழகாக, ஒரு தழும்பும் இல்லாமல் வரைந்திருந்தார்கள். கையில் துப்பாக்கி இல்லை. முதுகிலும் இல்லை. படத்தில் எங்கேயுமே இல்லை.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

இருந்தேன்.